பெரிய படமா, பெரிய திரையா? கொங்கு நாட்டில் கோடைப் படத்தை எங்கே பார்ப்பது

சித்திரை பிறந்தால் பள்ளிக்கூடம் லீவு, வீடு நிறைய ஒறம்பரை, வெளியே தலை காட்ட முடியாத வெயில். பொங்கலும் தீபாவளியும் போக, பெரிய பட்ஜெட் படங்கள் குறிவைக்கும் நேரம் இதுதான். 2022-ல் ஏப்ரல் 13 பீஸ்ட், மறுநாளே கேஜிஎஃப் இரண்டாம் பாகம், ஜூன் 3 விக்ரம். 2023-ல் ஏப்ரல் 28 பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம். 2024 ஏப்ரலில் இருபது வருசத்துக்கு முந்திய கில்லியைத் திரும்ப இறக்கினார்கள்; அதற்கும் தியேட்டர் நிறைந்தது. ஆக, கோடையில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. எந்தத் தியேட்டருக்குப் போவது என்பதில்தான் குழப்பம்.

கோவையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இன்று மூன்று வழி. ஒன்று, அவிநாசி சாலை பிராட்வேயில் இருக்கும் ஐமேக்ஸ், எபிக் மாதிரியான பெருந்திரை. இரண்டு, புரூக்ஃபீல்ட்ஸ், ஃபன், புரோசோன் போன்ற மால்களுக்குள் இருக்கும் மல்டிபிளெக்ஸ். மூன்று, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, உடுமலை, தாராபுரம் என்று ஊருக்கு ஊர் நிற்கும் பழைய பெரிய தியேட்டர்கள். இவற்றில் பல, புரொஜெக்டரும் சீட்டும் மாற்றிப் புதுசாகி நிற்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அடிதடி, பாட்டு, ஹீரோ என்ட்ரி என்று போகும் தமிழ்ப் படத்துக்கு, ஒழுங்காகப் பராமரிக்கும் ஊர்த் தியேட்டரே முதல் இடம். ஐமேக்ஸ் திரைக்கென்று கூடுதல் உயரத்தில் காட்சிகளை எடுத்திருந்தால் மட்டும் கோவைக்கு வண்டி ஏறலாம். மால் மல்டிபிளெக்ஸ் குளிருக்கும் கக்கூஸ் சுத்தத்துக்கும் முதல். படத்தின் அளவுக்குக் கடைசி. இதற்குக் காரணம் ரசனை இல்லீங்க, கணக்கு.

திரையின் வடிவம்

நம் பெரிய படங்களில் மிகப் பல சினிமாஸ்கோப்பில் வருகின்றன. அகலம் 2.39 என்றால் உயரம் 1. இன்னொரு வடிவம் 'ஃபிளாட்', 1.85க்கு 1. நம்மூரில் இருக்கும் மாதிரியான டிஜிட்டல் ஐமேக்ஸ் திரை 1.90க்கு 1.

பழைய தியேட்டர்களை ஸ்கோப்பை மனதில் வைத்துக் கட்டினார்கள். ஸ்கோப் படம் ஓடும்போது திரை முச்சூடும் படம் இருக்கும். ஃபிளாட் படம் வந்தால் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி நகர்ந்து மூடிக்கொள்ளும். மாலுக்குள் இடம் குறுகல், கூரைக்கு மேலே இன்னொரு மாடி. அதனால் சின்ன ஸ்கிரீன்களில் பலதும் ஃபிளாட் வடிவத்தில் அடைத்தவை. அதில் ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் வெறும் பட்டை.

ஒரு கணக்குப் போடலாம். ஊர்த் தியேட்டர் திரை 50 அடி அகலம் என்று வையுங்கள். ஸ்கோப் படம் 21 அடி உயரத்துக்கு நிற்கும். பரப்பு சுமார் 1,050 சதுர அடி. மால் திரை 36 அடி அகலம், 19½ அடி உயரம் என்றால் அதே படத்துக்கு 15 அடி உயரம்தான் கிடைக்கும். பரப்பு 540 சதுர அடி. பாதிதான். டிக்கெட் விலையோ மாலில்தான் அதிகம்.

ஐமேக்ஸிலும் இதே சிக்கல் வேறு அளவில் உண்டு. 1.90 திரையில் 2.39 படம் ஓடினால் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். அகலம் பெரியது என்பதால் படம் அப்போதும் பெரிசாகத்தான் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 'ஐமேக்ஸ்' என்று போஸ்டரில் போட்டுவிட்டதாலேயே திரை முழுக்கப் படம் வந்துவிடாது. ஐமேக்ஸ் கேமராவிலோ, அந்த வடிவத்துக்கென்று ஃபிரேம் வைத்தோ எடுத்த காட்சிகளில் மட்டும்தான் மேல், கீழ்ப் பட்டை விலகும். மற்றவை சாதாரண ஸ்கோப் படத்தைத் துலக்கி, ஒலியைச் சீர்செய்து போடுபவை. ஹாலிவுட் கோடைப் படங்களில் 'இத்தனை நிமிடம் விரிந்த ஃபிரேம்' என்று ரிலீஸுக்கு முன்பே விளம்பரம் செய்வார்கள். தமிழ்ப் படத்தில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லையென்றால் ஸ்கோப் என்றே எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லரை செல்போனில் முழுத்திரையில் பார்த்தால் ஓரளவுக்குப் பிடிபடும். மேலும் கீழும் பட்டை கடைசிவரை இருந்தால் ஸ்கோப். நடுநடுவே விலகினால் பெருந்திரைக்குப் போக ஒரு காரணம் இருக்கிறது.

கறுப்புத் துணி விசயத்தில் எல்லா இடத்திலும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது. டிஜிட்டல் புரொஜெக்டரின் 'கறுப்பு' உண்மையில் மங்கலான சாம்பல். துணி இழுக்காமல் விட்டால் இருட்டுக் காட்சிகளில் படத்தைச் சுற்றி ஒரு சாம்பல் சட்டம் தெரியும். இழுக்க ஆகும் நேரம் அரை நிமிடம். புதிதாகக் கட்டும் பல ஸ்கிரீன்களில் அந்தத் துணியே கிடையாது.

வெளிச்சம்: ஏமாற்றம் இங்கேதான் அதிகம்

தியேட்டர் திரையின் நடுவில் இருக்கவேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட். டிவி பெட்டியில் எழுதும் அலகில் சொன்னால் 48 நிட்ஸ். செனான் விளக்கு போட்ட புரொஜெக்டரில் இது நாளாக ஆகக் குறையும். விளக்கின் ஆயுள், வாட்டைப் பொறுத்து 500 முதல் 3,000 மணி நேரம். கோடையில் தினம் 5 காட்சி, காட்சிக்கு 3 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கே 15 மணி. ஆயிரம் மணி நேர விளக்கு இரண்டே மாதத்தில் தீர்ந்தது. பெரிய திரைக்குப் பெரிய விளக்கு வேண்டும். விலை அதிகம், ஆயுள் குறைவு. 'இன்னும் எரியுது, ஓட்டலாம்' என்று இழுக்கும் இடத்தில்தான் இரவுச் சண்டைக் காட்சியில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் போகிறது. ஊர்த் தியேட்டரின் பெரிய பலவீனம் இது. லேசருக்கு மாறிய தியேட்டர் என்றால் இந்தக் கவலை குறைவு. 20,000 மணி நேரத்துக்கு மேல் போகும், அதுவும் மெல்ல மெல்லத்தான் மங்கும். டிக்கெட் எடுக்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "லேசரா, லேம்பா?" என்பதுதான். கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் மேனேஜருக்குத் தெரியும்.

மாலிலும் ஒரு பொறி இருக்கிறது: வெள்ளித்திரை. உருவகம் இல்லை, போலரைஸ்டு கண்ணாடி போட்டு 3டி பார்க்க உண்மையிலேயே வெள்ளிப் பூச்சு அடித்த திரை. அதில் சாதா 2டி படம் ஓடினால் நடுவில் ஒரு பளிச்சென்ற வட்டமும் ஓரங்களில் மங்கலும் விழும். ஓர சீட்டுக்காரர்களுக்குப் பக்கத்துப் பாதி வெளுத்தும் எதிர்ப்பாதி இருண்டும் தெரியும். அப்படிப்பட்ட ஸ்கிரீனில் நடு சீட் கிடைக்காவிட்டால் அடுத்த காட்சிக்குப் போவது நல்லது. 3டி என்றால் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சமே 4 ஃபுட்-லாம்பர்ட் அளவுதான். விளக்கு ஏற்கெனவே சோர்ந்த தியேட்டரில் 3டி பார்ப்பது கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்ப்பது மாதிரி.

எழுத்து ஓடும்போது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பாகவோ பச்சையாகவோ நிழல் தெரிந்தால், புரொஜெக்டரின் மூன்று சில்லுகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அது அன்றைக்குச் சரியாகாது. ஆனால் தலை வெட்டுப்படுவது, படம் துணி மேல் வழிவது, ஃபோகஸ் போவது இவையெல்லாம் ஆபரேட்டர் ஒரு பொத்தானில் சரிசெய்யக்கூடியவை. விளம்பரம் ஓடும்போதே எழுந்து போய்ச் சொல்லவேண்டும். இடைவேளையில் சொன்னால் பாதிப் படம் போச்சு.

சத்தம்

அட்மாஸ் போர்டு இன்று எல்லா ஊரிலும் தொங்குகிறது. அட்மாஸ் என்பது 128 ஒலித்தடம் வரை வைத்து, 64 தனித்தனி ஸ்பீக்கர் வழிகளுக்குப் பிரித்துத் தரும் முறை. தியேட்டரில் கருவி இருந்தாலும் படம் அட்மாஸில் கலந்திருக்க வேண்டும், அந்த வடிவம்தான் அன்றைக்கு ஓடவும் வேண்டும். இல்லையென்றால் 5.1 அல்லது 7.1 என்ற பழைய சுற்றொலி முறைதான். கூரை ஸ்பீக்கர் இருந்தும் வாய் திறக்காது.

இதைவிட முக்கியம், ஒலிப் பெட்டியில் வைக்கும் எண். படத்தைக் கலக்கும் ஸ்டுடியோவில் 7 என்ற அளவில் வைத்துக் கலக்குகிறார்கள். தியேட்டரில் யாராவது 'காது வலிக்குது' என்று சொன்னால் 5க்கு இறக்குவார்கள். முதல் நாள் விசில் சத்தத்துக்கு ஏற்றுவார்கள். மால்களில் பக்கத்து ஸ்கிரீனுக்குக் கேட்கக்கூடாது என்று எப்போதும் குறைவாகவே வைப்பது வழக்கம். இறக்கினால் அடிச்சத்தமும் குறையும், மெதுவாகப் பேசும் வசனமும் காணாமல் போகும். ஊர்த் தியேட்டரில் இந்தக் கஞ்சத்தனம் கிடையாது. பிரச்சினை வேறு: உயரமான கூரை, வெறும் சுவர், எதிரொலி. சுவரில் ஒலி உறிஞ்சும் பேனல் ஒட்டாத தியேட்டரில் எத்தனை ஸ்பீக்கர் மாட்டினாலும் வசனம் குழறும். ஹால் நிறைந்திருந்தால் ஆட்களே எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சிவிடுவார்கள். வெறிச்சோடிய செவ்வாய்க்கிழமை மேட்னியில்தான் குறை அப்பட்டமாகத் தெரியும்.

பால்கனிக்கு அடியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மேல் சத்தமும் பக்கச் சத்தமும் அங்கே சரியாக வந்து சேராது.

வெயில், ஏசி, கோடை மழை

உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஏறக்குறைய 100 வாட் சூடு விடுகிறார். 800 பேர் நிறைந்தால் 80 கிலோவாட். அதை மட்டும் எடுக்கவே 23 டன் ஏசி வேண்டும். கூரை வாங்கும் வெயில், கதவு திறக்கும்போது நுழையும் அனல், புரொஜெக்டர் சூடு எல்லாம் தனி. ஊர்த் தியேட்டரில் கரண்ட் பில்லுக்குப் பயந்து பாதி மெசினை மட்டும் ஓட்டினால், ஹவுஸ்ஃபுல் காட்சியில் இடைவேளைக்குள் வேர்த்துவிடும். மத்தியானக் காட்சிதான் மோசம். கூரை காய்ந்து உச்சத்தில் இருக்கும் நேரம். ஈரோடு, கரூர்ப் பக்கம் மே மாதத்தில் காலைக் காட்சி அல்லது பொழுதோட ஆறரைக் காட்சி என்று வைத்துக்கொள்வது உத்தமம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் பொள்ளாச்சிக்காரர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. மாலில் இந்தக் கேள்வியே எழாது. சால்வை எடுத்துப் போகவேண்டும், அவ்வளவுதான்.

மே மாதச் சாயங்காலம் இடி மழை அடித்தால் கரண்ட் போகும். ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் எடுத்துவிடும். ஆனால் படம் உடனே வராது. செனான் விளக்கு சூடாக இருக்கும்போது சட்டென்று திரும்ப மூட்டுவது நல்லதில்லை, ஆறவிடுவார்கள். படத்தை வைத்திருக்கும் சர்வர் அணைந்திருந்தால் அது எழுந்து வரச் சில நிமிடம். சர்வருக்கும் புரொஜெக்டருக்கும் யூபிஎஸ் போட்ட இடத்தில் இந்த இடைவெளி தெரியாது. தகரக் கூரையுள்ள பழைய ஹால் என்றால் மழைச் சத்தமே தனி டிராக்காக ஓடும்.

செலவு

தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 2017-ல் அரசு வைத்த உச்சவரம்பு, வரி சேர்க்காமல் 150 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. ஆக 100 ரூபாய் டிக்கெட் 105-ல் முடியும். 150 ரூபாய் டிக்கெட் 177 ஆகும். உள்ளாட்சிக் கேளிக்கை வரி இதற்கு மேல். ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி. ஊர்த் தியேட்டரில் கவுன்டரில் போய் நின்றால் இது மிச்சம்.

பொள்ளாச்சியில் இருந்து நாலு பேர் காரில் கோவை போய் வர 80 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு ஐந்தரை லிட்டர் பெட்ரோல், ஐநூறு ரூபாய்க்கு மேல். டிக்கெட் 708, மேல் வரியும் சேவைக் கட்டணமும் தனி, மால் பார்க்கிங் மணிக்கணக்கு. பாப்கார்னைத் தொடும் முன்பே ஆயிரத்து முந்நூறைத் தாண்டும். உள்ளூரில் 100 ரூபாய் சீட்டில் அதே நாலு பேருக்கு 420 ரூபாயும் சில்லறை மேல் வரியும், பைக் ஸ்டாண்டுக்குப் பத்தோ இருபதோ. மிச்சத்தில் படம் முடிந்து ஒரு கை பிரியாணி பார்த்துவிடலாம்.

தின்பண்டத்தில் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், குடிநீர் இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவை விடவேண்டும் என்றும் இருக்கிறது. தண்ணி பாட்டில்தான் வாங்கவேண்டும் என்று யாராவது சொன்னால் குழாய் எங்கே என்று கேளுங்கள். முட்டை போண்டாவும் தேங்காய் பன்னும் இன்னும் கிடைப்பது ஊர்த் தியேட்டரில்தான். மாலின் நாச்சோஸுக்கு அதில் ஈடு கிடையாது.

முதல் நாளா, மூணாம் நாளா

தமிழ்நாட்டில் பெரிய படத்துக்குச் சிறப்புக் காட்சி அனுமதி கிடைத்தாலும் காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடுவதால் கோவை, பொள்ளாச்சி இளவட்டங்கள் வாளையார், கோபாலபுரம் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போவது வாடிக்கையாகிவிட்டது. படத்தை முதலில் பார்த்த பெருமைக்கு அது சரி. வசனம் கேட்கவேண்டும் என்றால் சரி வராது. காகிதமும் விசிலும்தான் கேட்கும், தெரியும்.

முதல் காட்சி தாமதமாவதற்குப் பெரும்பாலும் தியேட்டர் காரணமில்லை. படம் பூட்டுப் போட்ட கோப்பாக முன்கூட்டியே சர்வரில் ஏறியிருக்கும். அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி அந்த ஒரு கருவிக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும். பைனான்ஸ் பஞ்சாயத்து முடியாவிட்டால் சாவி வராது, ஆபரேட்டர் ஒன்றும் செய்ய முடியாது.

திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். சனி இரவும் ஞாயிறு முழுக்கவும் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. திங்கள், செவ்வாயில் நடு வரிசையே சாவகாசமாகக் கிடைக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுதான் நாள். வளாகத்தில் ஏழெட்டு ஸ்கிரீன் இருந்தால் இரண்டாம் வாரம் புதுப்படத்துக்கு இடம்விட்டு நம் படம் சின்ன ஸ்கிரீனுக்குப் போய்விடும். புக்கிங்கில் தியேட்டர் பெயரோடு நிறுத்திவிடாமல் ஸ்கிரீன் எண்ணையும் பாருங்கள்.

எந்த சீட்

திரை அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் என்பது நல்ல கணக்கு. 50 அடித் திரைக்கு 75 அடி தள்ளி உட்கார்ந்தால் பார்வையில் 37 டிகிரி அளவுக்குத் திரை நிறையும். ஒலியைச் சீரமைக்கும்போது மைக் வைப்பதும் ஹாலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேரும். பழைய தியேட்டரில் அது பால்கனி முன்வரிசையோ, கீழே பின்வரிசைகளுக்கு நாலைந்து வரிசை முன்போ இருக்கும். மாலில் ரிக்ளைனரைக் கடைசி வரிசையில் போட்டு அதிக விலை வாங்குகிறார்கள். ஏற்கெனவே சின்னத் திரை, இன்னும் தூரம். சாய்ந்து படுத்தால் தூக்கம் நன்றாக வரும். ஐமேக்ஸில் மட்டும் இந்தக் கணக்கைத் தளர்த்தி, இன்னும் சித்தே முன்னால் உட்காரலாம். வரிசை எழுத்து சில தியேட்டரில் திரையில் இருந்து, சிலதில் பின்னாலிருந்து தொடங்கும். புக் செய்யும் வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் 'ஏ' வரிசையை எடுத்தால் கழுத்து வலிதான்.

வீட்டு டிவி

தமிழ்ப் படங்கள் பலவும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஹிந்திப் படத்துக்குத்தான் நாடு தழுவிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்டு நிற்கின்றன. 43 அங்குல டிவி ஏறக்குறைய மூணு அடி அகலம். மேலே சொன்ன ஒன்றரை மடங்குக் கணக்கில் நாலரை, ஐந்து அடி தள்ளித்தான் உட்காரவேண்டும். நம் வீட்டு ஹாலில் சோபா கிடப்பது பத்தடி தள்ளி. பேச்சிலேயே ஓடும் குடும்பப் படத்துக்கு அது போதும். யானையும் படையும் குறுக்கே ஓடும் படத்துக்கு சோபாவை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் வாரமே ஊர்த் தியேட்டரில் திங்கட்கிழமை ஆறரைக் காட்சிக்குப் போய்விடுங்கள்.